சாவு வீட்டில் பேரம் பேச முடியுமா?

(கண்டி மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில், கலைந்துபோன மரண உதவிச் சங்கத்தை மீண்டும் அமைப்பதற்காகக் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்துக்கு வரும் வழியில் முதியவர் ஒருவர் என்னை மறித்து நிறுத்தினார். "தம்பி, விளக்கு வைக்கிற நேரத்திலே சாவைப் பற்றிப் பேசப் போகிறீர்களாமே! வேறு நல்ல சங்கதி ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். அவர் இப்போது முன்வரிசையிலேதான் அமர்ந்திருக்கின்றார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கின்றது. சாவு என்ற சொல்லையே வாயில் எடுக்கத் தயங்குவது நம் வழக்கம். ஆனால் அவரை நான் ஒன்று கேட்டேன். "ஐயா, மகள் கலியாணத்துக்கு ஈராண்டு முன்னரே சீட்டுப் பிடிக்கின்றோம். தீபாவளிக்கு முற்பணம் எழுதி வாங்குகின்றோம். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகின்றோம். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற காரியங்களுக்கெல்லாம் பணம் ஒதுக்குகிற நாம், நிச்சயமாக வரப்போகின்ற ஒன்றுக்கு மட்டும் ஒரு சதமும் ஒதுக்குவதில்லையே, ஏன்?" என்றேன். பெரியவர் சிரித்தார். "சரி, பேசுங்கள்; கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அவருடைய அனுமதியோடு பேசுகின்றேன்.

தோழர்களே! பிறர் கதையைச் சொல்வதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகின்றேன். என் சிற்றப்பா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒருநாள் விடியற்காலையில் கண்ணை மூடினார். தகவல் வந்தபோது வீட்டிலிருந்தது எண்ணி மூவாயிரம் ரூபா. சித்தி தலையிலடித்துக்கொண்டு அழுகின்றாள். பிள்ளைகள் திகைத்து நிற்கின்றார்கள். பிரேத அறைக்கு வெளியே நாங்கள் நின்றபோது, யாரென்று அறியாத ஒருவர் வந்து ஆறுதல் சொன்னார். அவர் ஒரு மலர்ச்சாலையின் ஆள் என்பது பின்னர்தான் தெரிந்தது. உடலைப் பதப்படுத்துவது, பெட்டி, உடுப்பு, வாகனம், பந்தல், கதிரை எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "எவ்வளவாகும்?" என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. கேட்பது செத்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று எண்ணினோம். மூன்றாம் நாள் கணக்குச் சீட்டு வந்தது. சித்தியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. அக்கொடி திரும்பி வரவேயில்லை.

அந்த மலர்ச்சாலைக்காரரை நான் திருடர் என்று சொல்லமாட்டேன். அவர் வியாபாரி. கேட்காதவனுக்கு விலை சொல்லவேண்டுமென்று அவருக்கு என்ன கட்டாயம்? சந்தையில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குகிற நாம், வாழ்நாளில் செய்கின்ற பெருஞ்செலவுகளில் ஒன்றை, கண்ணீர் மறைக்கும் கண்ணோடு, ஒரே கடையில், விலை கேட்காமல் செய்கின்றோம். இதில் அவர் செய்த குற்றத்தைவிட நாம் செய்யத் தவறிய ஏற்பாடு பெரியது. பேரம் பேச வேண்டிய காலம் ஒன்று உண்டு. அது சாவு வீட்டுக்காலம் அன்று. எல்லாரும் உயிரோடும் சுகத்தோடும் கூடியிருக்கின்ற இதுபோன்ற மாலைப்பொழுதே அதற்குரிய காலம்.

இந்த மலைநாட்டிலே யாருக்கு எந்த மரியாதையோடு இறுதிக்கிரியை நடந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்டி நகரில் அஸ்கிரியப் பக்கத்தில் ஆதாகன மளுவை என்றோர் இடம் இருக்கின்றது. கண்டி அரச குடும்பத்தாரின் உடல்கள் எரியூட்டப்பட்ட இடம் அது. அந்த அரசின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. 1815 இல் வெள்ளையரிடம் அகப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, 1832 இல் வேலூரிலே மாண்டான். மன்னனுக்கே அந்தக் கதியென்றால், அவனுக்குப் பின் அதே தென்னாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்காக மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரின் கதி என்னவாயிருக்கும்? வழியிலே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குச் சிதையுமில்லை, குழியுமில்லை. யாருடைய எலும்பு எந்தக் காட்டிற் கிடக்கிறது என்று சொல்ல இன்று ஒருவருமில்லை.

இன்னொரு சாவைச் சொல்லுகின்றேன். கண்டி மகியாவை மயானத்துக்குப் போனவர்கள் அங்கே ஜேம்ஸ் டெயிலர் என்ற துரையின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். 1852 இல் ஸ்கொத்லாந்திலிருந்து வந்து, 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்குக் கால்கோளிட்டவர் அவர். 1892 மே மாதம் 2 ஆம் நாள் வயிற்றுக்கடுப்பினால் இறந்தார். அவருடைய உடலை லூல்கந்துரை மலையிலிருந்து கண்டி நகரம் வரை தொழிலாளரே தோளிற் சுமந்து வந்தார்கள். பன்னிருவர் கொண்ட அணி இரண்டு. நான்கு மைலுக்கொரு முறை தோள் மாற்றிக்கொண்டார்கள். காலையிற் புறப்பட்டுப் பிற்பகலிற் கண்டியை அடைந்தார்களாம். அந்த இருபத்து நான்கு பேரும் யார்? நம்மவர்கள். துரைக்குக் கல்லறை இருக்கின்றது. அதில் அவர் பெயர் இருக்கின்றது. தேயிலையின் முன்னோடி என்று பொறித்திருக்கின்றது. சுமந்துபோன இருபத்து நான்கு பேரில் ஒருவரின் பெயராவது எங்காவது எழுதியிருக்கிறதா? அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள்? அவர்களுக்கு யார் தோள் மாற்றினார்கள்?

டெயிலரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைச் சுமந்தவர்கள் அன்போடு சுமந்திருக்கலாம். சாமித் துரை என்று அவரை அழைத்தார்கள் என்றும் எழுதி வைத்திருக்கின்றார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பன்னிருவர் சேர்ந்து, தோள் மாற்றி, ஒழுங்கு பிசகாமல் ஓர் உடலை உரிய இடத்திற் சேர்ப்பது எப்படி என்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. துரைக்குச் செய்யத் தெரிந்த அந்த வேலையை நமக்கு நாமே செய்துகொள்ளத்தான் இன்னும் சரியாக ஒழுங்கு பண்ணவில்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருகின்றேன். தோட்டத்திலே பெரும்பாலும் புதைக்கின்றோம். எரிப்பதென்றால் ஓர் உடலுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ விறகு வேண்டும். மரம் தறிக்க அனுமதி வேண்டும். மாரிகாலத்தில் விறகு காயாது. ஆகவே எரிக்க விரும்புகின்றவனும் புதைக்கின்றான். புதைப்பதற்கு மட்டும் நிலம் நம்முடையதா? லயம் நம்முடையதன்று, லயத்தைச் சுற்றிய காய்கறிப் பாத்தியும் நம்முடையதன்று, குழி வெட்டும் ஆறடியும் நம்முடையதன்று. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. அதற்குப் பின்னும் நம் சுடலைக்கு எல்லைக்கல் நாட்டிய தோட்டங்கள் எத்தனை? பல இடங்களில் தேயிலைச் செடி சுடலையை நோக்கி நகர்கின்றது. சில இடங்களில் பழைய குழி மேலேயே புதுக் குழி வெட்ட நேர்கின்றது.

நகரத்திலே மாநகர சபையின் தகனசாலை இருக்கின்றது. அதை நடத்துவது அச்சபை. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான பழைய சபை அது. நல்லது. ஆனால் சபைக்கு வரி செலுத்துபவர் முதலில், வெளியார் பின்னர் என்பது உள்ளூராட்சி மன்றங்களின் பொதுவான கணக்கு. நகர எல்லைக்கு அப்பால், மலையுச்சியில் இருக்கின்ற தோட்டத்து மனிதன் எந்தச் சபையின் ஆள்? இதிலேதான் அரசியல் வருகின்றது. அரசியல் கலவாத விஷயம் என்று எண்ணி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். நாட்டிலுள்ள கிராமத்தானுக்கு வீதியும் விளக்கும் நூல்நிலையமும் மயானமும் செய்துகொடுக்கச் சபைகளை அமைத்த சட்டம் அது. அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டப் பகுதிக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தேர்தலில் வாக்களிக்கத் தோட்டத்தான் வேண்டும்; சபையின் தாரும் கல்லும் தோட்ட வாசலோடு நின்றுவிடவேண்டும்! முப்பது ஆண்டுக்கு மேலாக இந்த அநீதி நீடித்தது. 2018 இல்தான் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. இன்று தோட்டத்துக்குள் சபை வேலை செய்யலாம். அப்படியானால் நான் கேட்கின்றேன்: திருத்தம் வந்த நாளிலிருந்து நம் பிரதிநிதிகள் சபையிலே எத்தனை முறை மயானத்தைப் பற்றி வாய் திறந்தார்கள்? வீதிக்குக் கொங்கிறீட்டு போட்ட படம் பத்திரிகையில் வருகிறது. நான்கைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு சிறு எரிவாயுத் தகனசாலை கேட்டு யாராவது பிரேரணை கொண்டுவந்தார்களா? நாமும் கேட்கவில்லை, அவர்களும் கொண்டுவரவில்லை. சாவைப் பற்றிக் கேட்டால் வாக்குக் கிடைக்காது என்று அவர்கள் எண்ணுகின்றார்கள் போலும்.

தகனசாலை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் மயங்கவேண்டாம். 2022 இல் நாட்டிலே எரிவாயு இல்லாமற் போனபோது சமையலடுப்பு மட்டும் அணையவில்லை, தகனசாலைகளும் திண்டாடின. ஆகவே இயந்திரம் ஒன்றை மட்டும் நம்பியிருக்காமல், கூரையிட்ட விறகுச் சிதை மேடை ஒன்றையும், எல்லைக்கல் நாட்டிய இடுகாட்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இடுகாட்டையும் என்று ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் தெரியுமா? எரிப்பதே சிறந்தது, எல்லாரும் எரியுங்கள் என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. பிறர் விருப்பத்தை மிதித்து எரிப்பதன் கொடுமையை இந்நாடு கண்ணாற் கண்டிருக்கின்றது. 2020 ஏப்ரலில், கொரோனா நோயால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வெளியிட்டார்கள். புதைப்பதால் கேடில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. நம் அயலிலே, அக்குறணையிலும் கண்டி நகரிலும் வாழ்கின்ற முஸ்லிம் சகோதரர்கள் தங்கள் மார்க்கத்துக்கு மாறாகத் தம் உறவுகளின் உடல் எரிவதைக் கண்டு துடித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்த ஆணை மாறியது. பிறகு ஓட்டமாவடியிலே புதைக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. மன்னிப்பு வந்தது, எரிந்தவர் வரவில்லை. எரிப்பதோ புதைப்பதோ, இறப்பவரின் சொல்லே சட்டமாக இருக்கவேண்டும். அந்தச் சொல்லை அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நம் சங்கத்தின் முதல் வேலையாக இருக்கவேண்டும்.

வெளிநாட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே சாவுச் செலவுக்கு அஞ்சியவர்கள் உண்டென்றால் நம்புவீர்களா? 1939 இல் சியாட்டில் என்ற நகரத்திலே, ஒரு பாதிரியாரின் முயற்சியால், சாதாரண மக்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். உறுப்பினர் பலர் சேர்ந்து ஒரே குரலிற் பேசினால், பிரேத அலங்காரக் கடைக்காரர் எளிய தகனத்தைக் குறைந்த விலைக்குச் செய்து தர ஒப்புக்கொள்வார் என்பதே அவர்கள் கண்ட உண்மை. மரணம் வருமுன்னரே விலை பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். அவ்வழியைப் பிற நகரங்களும் பின்பற்றின. 1984 இல் அந்நாட்டு அரசே ஒரு விதி செய்தது: கேட்பவருக்கு ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே எழுதிய பட்டியலைக் கடைக்காரர் கொடுத்தாகவேண்டும்; நேரடித் தகனத்துக்கு விலையுயர்ந்த பெட்டி வாங்கியே ஆகவேண்டும் என்று பொய் சொல்லக்கூடாது. இப்படியொரு விதியை நம் நாட்டிலும் கேட்கவேண்டும். அது வரும்வரை, ஒரு தோட்டத்துச் சங்கம் நகரத்து மலர்ச்சாலைகளுக்கு நேரிற் போய் விலைப்பட்டியல் கேட்பதை யார் தடுக்கமுடியும்?

சங்கம் என்றதும் உங்களிற் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுகின்றீர்கள். தெரியும். முன்னொரு சங்கம் இங்கே இருந்தது. மாதாமாதம் சந்தா கட்டினீர்கள். பொருளாளர் சங்கப் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர் ஊரைவிட்டுப் போனார். அடுத்த சாவுக்குப் பெட்டி வாங்கப் பணமில்லை. அன்றோடு சங்கமும் செத்தது. அதற்குக் கருமாதி செய்யவும் ஆளில்லை! சிரிக்கின்றீர்கள், ஆனால் அன்று அழுதவர்களும் இங்கேதான் இருக்கின்றார்கள்.

ஆகவே இம்முறை கணக்கு வேறாக இருக்கவேண்டும். நம் தோட்டத்தின் மூன்று பிரிவிலும் சேர்த்து 120 குடும்பம் சேருமென்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 150 ரூபா. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் இது. மாதம் 18,000 ரூபா சேரும். ஆண்டுக்கு 2,16,000 ரூபா. ஆண்டில் ஆறு மரணம் நேர்ந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 36,000 ரூபா கைவசமிருக்கும். இதில் எல்லாச் செலவும் அடங்கிவிடும் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எளிய பெட்டிக்கும் வாகனத்துக்கும் முன்னரே விலை பேசி வைத்திருந்தால், அந்த முதல்நாட் கைமுட்டு தீரும். தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கும். பணம் வங்கியிலே, மூவர் கையெழுத்தின் கீழ் இருக்கவேண்டும். மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். கடன் எவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மாதக் கணக்கைப் பிரட்டுக்களத்தில் எல்லாரும் பார்க்க ஒட்டவேண்டும். பந்தல் தகரமும் கதிரையும் விளக்கும் சங்கத்துக்கே சொந்தமாக வாங்கவேண்டும். வாடகை நமக்கு நாமே கொடுப்போம்.

வாகனத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். கடும் நோயென்றால் கண்டிக்கோ பேராதனைக்கோ கொண்டுபோகின்றோம். சாவு அங்கே நேர்கின்றது. உடலை மலைக்கு ஏற்றிக்கொண்டுவரும் கூலியே பலருக்குப் பெட்டியின் விலையைவிடப் பெரிய இடியாக விழுகின்றது. அத்தோடு நல்ல பாதையில்லாத பிரிவென்றால் பாதி வழியில் இறக்கித் தோளில் சுமக்கவேண்டும். லொறி வைத்திருக்கின்ற நம்மூர்த் தம்பிகள் இருவரோடு இப்போதே பேசி, மைலுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று, தாய்மார்களே, இது உங்களுக்கு. பணத்தைவிடக் காகிதம் முக்கியம். ஆஸ்பத்திரியிலே இறந்தால் வைத்தியரின் மரணக் காரணச் சான்று வேண்டும். வீட்டிலே இறந்தால் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவிக்கவேண்டும். திடீர் மரணமென்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை உடலை அசைக்கக்கூடாது. இவற்றை விட்டுவிட்டு அடக்கம் செய்தால், மரணச் சான்றிதழ் பெறுவதற்கு அலைந்தே செருப்புத் தேயும். சான்றிதழ் இல்லையேல் சேமலாப நிதி இல்லை. 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் கணவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் அது. 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும், வேலையிலிருக்கும்போது இறந்த உறுப்பினருக்கு மரண உதவி உண்டு. ஆனால் செக்றோலில் முத்தையா, அடையாள அட்டையில் முத்துசாமி, கலியாணப் பதிவில் முத்து! அந்த மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க விதவைப் பெண் கச்சேரி வாசலில் எத்தனை நாள் நிற்பாள்? 1948 இல் குடியுரிமையைப் பறித்த காலத்திலிருந்து, நம் பெயரை நாம் சொன்னபடி எழுதாமல் தாங்கள் நினைத்தபடி எழுதிய எழுத்தர்களின் கைவேலை இது. ஆனால் திருத்தவேண்டியவர்கள் நாம். உயிரோடிருக்கும் முத்தையா ஒரு சத்தியக் கடதாசியோடு ஒருநாளில் முடிக்கக்கூடிய வேலை, செத்த முத்தையாவுக்காக ஈராண்டு இழுக்கும்.

ஆடம்பரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். பிள்ளைகள் கொழும்பிலே உழைக்கின்றார்கள் என்பதைக் காட்ட இழவு வீட்டிலே விளம்பரத் துணி கட்டுவதும், கண்ணாடிப் பெட்டி வாடகைக்கு எடுப்பதும், கருமாதிக்குக் கடன் வாங்கி ஊருக்குச் சோறு போடுவதும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. சங்கப் பணம் அதற்கு வராது, அவ்வளவுதான். தப்புக் கொட்டும் தோழர்களுக்குரிய கூலியைச் சங்கம் கொடுக்கவேண்டும். அவர்களைக் கள்ளைக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் இத்தோடு நிற்கட்டும்.

தலைவரவர்களே! மூன்று தீர்மானங்களை எழுதிக் கொண்டுவந்திருக்கின்றேன். சங்கத்தை மேற்சொன்ன விதிகளோடு மீண்டும் அமைப்பது ஒன்று. மயானத்துக்கு எல்லைக்கல் நாட்டுமாறு தோட்ட நிர்வாகத்தையும், பொதுத் தகனசாலை அமைத்துத் தோட்ட மக்களுக்கும் ஒரே கட்டணம் விதிக்குமாறு பிரதேச சபையையும் கேட்பது இரண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐவர் கண்டிக்குப் போய் மூன்று மலர்ச்சாலைகளில் விலைப்பட்டியல் வாங்கி வருவது மூன்று.

மேசையிலே ஒரு பேரேடு வைத்திருக்கின்றது. பெயர், அடையாள அட்டை இலக்கம், எரிப்பதா புதைப்பதா, யாருக்கு முதலில் அறிவிப்பது என்று நான்கு நிரல்கள். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். எரிக்கவேண்டும், பெட்டி எளிய பலகையில் போதும், தப்பு மட்டும் நன்றாக ஒலிக்கவேண்டும். இரண்டாம் வரியை, வழியிலே என்னை மறித்த பெரியவருக்காக வெறுமையாக விட்டிருக்கின்றேன். பேனாவும் அங்கேதான் இருக்கின்றது, ஐயா.